குற்றப் பதிவும் குடியிருப்பின் பாதுகாப்பும்

ஒரு பகுதியில் குற்றங்கள் பெருகியுள்ளனவா, குறைந்துள்ளனவா என்ற வினா எழும்போது, அதிகாரிகள் முதலில் கையில் எடுப்பது காவல் நிலையப் பதிவேட்டின் கூட்டுத்தொகையைத்தான். சென்ற ஆண்டில் இத்தனை வழக்குகள், இந்த ஆண்டில் இத்தனை என்று இரண்டு எண்களை அருகருகே வைக்கின்றனர். தொகை ஏறியிருந்தால் நிலைமை கெட்டுவிட்டது என்றும், இறங்கியிருந்தால் சீரடைந்துவிட்டது என்றும் முடிவு செய்கின்றனர். நாளிதழ்களும் பெரும்பாலும் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன. இம்முறை எவ்வளவு தூரம் சரியானது என்பதைப் பாலக்காடு மாவட்டத்தில் அண்மை ஆண்டுகளில் நடந்த சில நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராயலாம்.

எல்லைப் பகுதியின் இயல்பு

நல்லேப்பிள்ளி, பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த ஊராட்சியாகும். சித்தூர்-தத்தமங்கலம் நகராட்சி அதற்கு அண்மையில் உள்ளது. வயலும் தென்னந்தோப்பும் நிறைந்த இப்பகுதியில் மலையாளமும் தமிழும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில் பேசப்படுகின்றன. இதை நகர்ப்புறம் என்பதா, நாட்டுப்புறம் என்பதா என்ற ஐயம் எழுவது இயல்பே. கேரளத்தில் ஊர் எங்கே முடிகிறது, நகர் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கடினம். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 26 விழுக்காடாக இருந்த மாநில நகர மக்கள்தொகை, 2011இல் 47.7 விழுக்காடாக உயர்ந்தது. மக்கள் எல்லோரும் நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததால் ஏற்பட்ட உயர்வன்று இது. மக்கள் நெருக்கமும் தொழிலும் மாறியதால், ஊராட்சிகளாக இருந்த இடங்களே கணக்கெடுப்பில் நகரங்களாக வகைப்படுத்தப்பட்டன. நகரத்தின் பாதுகாப்புச் சிக்கல்கள் இவ்வூர்களுக்கு வந்துவிட்டன. நகரத்தின் காவல் ஏற்பாடுகள் அதே வேகத்தில் வரவில்லை.

எல்லை அமைந்திருப்பது இன்னொரு சிக்கல். வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய வழிகளில் தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் இடையே இரவும் பகலும் வண்டிகள் ஓடுகின்றன. 1996 ஏப்ரல் முதல் கேரளத்தில் சாராயம் தடை செய்யப்பட்ட பின், எரிசாராயக் கடத்தல் இவ்வெல்லையின் தீராத நோய்களுள் ஒன்றாயிற்று. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்குப் பிற மாநிலத் தொழிலாளர்கள் வந்து சேர்ந்துள்ளனர். ஒரு மாநிலத்தில் குற்றம் செய்தவர் சிறிது நேரத்தில் மறு மாநிலத்தில் இருக்க முடியும். புகார் கொடுக்க வருபவரோ, எந்த நிலையத்திற்குப் போவது, எந்த மொழியில் எழுதுவது என்று தயங்கி நிற்க நேரிடுகிறது.

பதிவான வழக்கும் பதியாத புகாரும்

2024 டிசம்பரில் நல்லேப்பிள்ளி அரசுப் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா நடந்துகொண்டிருந்தபோது சிலர் உள்ளே வந்து, விழா நடத்தியதற்காக ஆசிரியர்களை மாணவர்கள் முன்னிலையிலேயே மிரட்டினர். புகார் கொடுக்கப்பட்டது, வழக்குப் பதிவாயிற்று, சித்தூர்க் காவல்துறையினர் மூவரைக் கைது செய்தனர். அதற்கு அடுத்த நாள்களில் இளைஞர் அமைப்புகள் பள்ளியின் அருகே கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடித் தங்கள் ஆதரவைத் தெரிவித்தன. அவ்வாண்டின் குற்றக் கணக்கில் இந்நிகழ்ச்சியால் நல்லேப்பிள்ளியின் பெயரில் ஒரு வழக்குக் கூடியிருக்கும். அதைக்கொண்டு ஊரின் பாதுகாப்புக் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? ஆசிரியர்கள் அஞ்சிப் பேசாதிருந்திருந்தால் அந்த எண் கூடியிருக்காது. அச்சம் மட்டும் கூடியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி வாளையாரை அடுத்த அட்டப்பள்ளத்தில் நடந்தது. 2017 ஜனவரி 13 அன்று, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் 13 வயதுச் சிறுமி வீட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டாள். சிறுமி பாலியல் கொடுமைக்கு உள்ளாகியிருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள் உடற்கூறாய்வில் தென்பட்டும், அந்தத் திசையில் விசாரணை உரிய வேகத்தில் நடைபெறவில்லை. ஏழு வாரங்களுக்குப் பின், மார்ச் 4 அன்று, அவளுடைய 9 வயதுத் தங்கையும் அதே வீட்டில் அதே நிலையில் காணப்பட்டாள். பின்னர் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்ததும், 2021 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் அத்தீர்ப்புகளை நீக்கித் தொடக்க விசாரணையின் குறைகளைக் கடுமையாகக் கண்டித்ததும், அதன்பின் வழக்கு மத்தியப் புலனாய்வுக் குழுவிடம் சென்றதும் நாடறிந்தவை. இங்கு நாம் கருத வேண்டியது அந்த ஏழு வாரங்களையே. அக்காலத்தில் பதிவேட்டின்படி அது ஓர் இயற்கைக்கு மாறான மரணம் மட்டுமே. குழந்தைகளுக்கு எதிரான குற்றம் என்ற பத்தியில் அதற்கு இடமில்லை. அப்பத்தி காலியாக இருந்ததைப் பாதுகாப்பின் அடையாளமாக யாரேனும் எடுத்துக்கொண்டிருந்தால், அது எத்தகைய பிழை என்பதை மார்ச் 4 காட்டிவிட்டது.

நெம்மாறையில் நிகழ்ந்தது மூன்றாவது வகை. 2019இல் ஒரு பெண்ணைக் கொலை செய்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர், பிணையில் வெளிவந்து, நிபந்தனையை மீறித் தம் பழைய வீட்டிற்கே வந்து தங்கினார். கொல்லப்பட்ட பெண்ணின் குடும்பத்தினர் தங்கள் உயிருக்கு ஆபத்து உண்டு என்று 2024 டிசம்பர் இறுதியில் காவல் நிலையத்தில் முறையிட்டனர். அவரை அழைத்து எச்சரித்ததோடு நடவடிக்கை நின்றது. 2025 ஜனவரி 27 அன்று அப்பெண்ணின் கணவரும் மாமியாரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். இக்கொலைகளின் தொடர்பில் அதே நபர் கைது செய்யப்பட்டார். நிலைய அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பழைய கொலை வழக்கில் 2025 அக்டோபரில் அந்நபருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பிணை நிபந்தனை மீறப்படுகிறது என்ற தகவல் நிலையத்திற்கு வந்தது. அத்தகவல் நீதிமன்றத்தை உரிய நேரத்தில் எட்டியிருந்தால் பிணையை நீக்கக் கோரியிருக்க முடியும். இத்தகைய தகவல்களுக்கெனக் குற்றக் கணக்கில் எந்தப் பத்தியும் இல்லை. வந்த எச்சரிக்கைகள் எத்தனை, அவற்றின்மீது எத்தனை நாளில் என்ன செய்யப்பட்டது என்பது எந்த ஆண்டறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

எண்ணிக்கை சிறிதாக இருந்தும் ஊர் முழுவதும் அஞ்சி ஒடுங்கிய நாள்களும் உண்டு. 2022 ஏப்ரல் 15, 16 ஆகிய நாள்களில், இருபத்துநான்கு மணி நேரத்திற்கு உள்ளாகப் பாலக்காட்டில் இரண்டு அரசியல் கொலைகள் நடந்தன. இரண்டாவது கொலை நகரின் மேலாமுறிப் பகுதியில், கடைத்தெருவிலேயே நிகழ்ந்தது. மாவட்டத்தில் தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. இரு சக்கர வண்டியில் பின்னால் ஆள் ஏற்றிச் செல்லவும் கட்டுப்பாடு வந்தது. ஆண்டுக் கணக்கில் அவை இரண்டு கொலைகள் மட்டுமே. ஆனால் அந்த வாரத்தில் குழந்தையைக் கடைக்கு அனுப்பத் தயங்கிய தாய்மார் எத்தனை பேர் என்பதை எந்தக் கணக்கு சொல்லும்?

புள்ளிவிவரத்தை எவ்வாறு படிப்பது?

நம் நாட்டின் குற்றப் புள்ளிவிவரங்கள் 1953 முதல் ஆண்டுதோறும் நூலாக வெளிவருகின்றன. 1986இல் நிறுவப்பட்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பின்னர் இப்பணியை ஏற்றது. மாநிலங்களின் காவல்துறைகள் தரும் எண்களே இவற்றிற்கு அடிப்படை. ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை வழக்குகள் என்பதே குற்ற வீதம் எனப்படுகிறது. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றுள் மிகக் கொடியது மட்டுமே கணக்கில் சேரும். கொள்ளையடித்துக் கொலையும் செய்திருந்தால் அது கொலை வழக்காக மட்டும் எண்ணப்படும். இதனை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பதிவுகள் கூடுவதும் குற்றங்கள் கூடுவதும் ஒன்றல்ல என்று காப்பகமே தன் வெளியீடுகளில் எச்சரித்து வந்துள்ளது. அந்த எச்சரிக்கை அச்சாகிறது, படிக்கப்படுவதில்லை.

சான்றாக 2020ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய ஆண்டில் நாடு முழுவதும் ஏறத்தாழ 51.6 லட்சம் வழக்குகள் பதிவாயின. 2020இல் அது 66 லட்சமாயிற்று. உயர்வு 28 விழுக்காடு. கொரோனா ஊரடங்கில் மக்கள் வீட்டினுள் அடைந்து கிடந்த ஆண்டு அது. திருட்டும் கன்னக்களவும் குறைந்தன. கூடியதற்குப் பெருங்காரணம், அரசு அலுவலரின் ஆணையை மீறியதாகத் தொடரப்பட்ட வழக்குகள் 29 ஆயிரத்திலிருந்து 6 லட்சத்திற்கும் மேல் சென்றதே. முகக்கவசம் அணியாதவரும் ஊரடங்கில் வெளியே வந்தவரும் சேர்ந்து நாட்டின் குற்றக் கணக்கைக் கால் பங்கிற்கு மேல் உயர்த்திவிட்டனர்!

போதைப்பொருள் வழக்குகளின் கதையும் இதைப் போன்றது. கேரளத்தில் 2021இல் ஆறாயிரத்திற்கும் குறைவாக இருந்த இவ்வழக்குகள், 2022இல் 26 ஆயிரத்தைக் கடந்தன. ஓராண்டில் போதைப் பழக்கம் நான்கு மடங்கிற்கு மேல் பெருகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. இவ்வகைக் குற்றத்தில் புகார் கொடுக்க யாரும் வருவதில்லை. வாங்குபவனும் விற்பவனும் மறைக்கவே விரும்புவர். காவல்துறை தேடினால் வழக்கு உண்டு, தேடாவிட்டால் இல்லை. 2022இல் மாநிலக் காவல்துறை போதைப்பொருளுக்கு எதிராகத் தீவிர இயக்கம் நடத்தியது. எண் அளந்தது பெரிதும் அந்த முயற்சியைத்தான். அவ்வாண்டில் மகாராஷ்டிரத்தின் எண் 14 ஆயிரத்திற்குச் சற்றுக் குறைவு; பஞ்சாபின் எண் அதனினும் குறைவு. இந்த வரிசையை மட்டும் பார்த்துக் கேரளத்தையே நாட்டின் போதைத் தலைநகர் என்று அழைப்பவர்கள் புள்ளிவிவரத்தின் அரிச்சுவடியையே தவற விடுகிறார்கள். போதைப்பொருள் சிக்கல் கேரளத்தில் இல்லை என்பதன்று இதன் பொருள், சிக்கல் உண்டு. அதன் அளவை இந்த எண் சொல்லாது என்பதே கூற வருவது.

நகரங்களை ஒப்பிடும்போதும் இதே கவனம் வேண்டும். 2022இல் பெருநகரங்களுள் கொல்கத்தாவின் குற்ற வீதம் லட்சத்திற்கு 86.5 என்றும், அடுத்து வந்த புனேயின் வீதம் 280.7 என்றும் வெளியிடப்பட்டன. ஒரு நகரம் மற்றொன்றைவிட மூன்று மடங்குக்கு மேல் பாதுகாப்பானது என்பதை வீதத்தை மட்டும் நம்பி ஏற்க இயலாது. தில்லியில் 2015 முதல் திருட்டுப் புகார்களை நிலையத்திற்குச் செல்லாமலே இணைய வழியில் பதிவு செய்ய வசதி ஏற்பட்டது. திருட்டு வழக்குகளின் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்தது. திருடர்கள் பெருகவில்லை, கதவு திறந்தது. கேரளத்தின் குற்ற வீதம் நெடுங்காலமாக உயர்ந்தே காணப்படுவதற்கும், எழுத்தறிவும் புகார் கொடுக்கும் துணிவும் நிலையங்கள் பதிவு செய்யும் பழக்கமும் ஒரு காரணம் என்பது குற்றவியலறிஞர் பலரின் கருத்து. 2022இல் இந்திய தண்டனைச் சட்ட வழக்குகளில் கேரளம் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த விகிதம் 96 விழுக்காடு; நாட்டின் சராசரி 71.3 விழுக்காடு.

பதிவாகாத குற்றம் எவ்வளவு என்பதை அறிய வேறு வழியே உண்டு. வீடு வீடாகச் சென்று, கடந்த ஓராண்டில் உங்களுக்கு ஏதேனும் களவோ தாக்குதலோ நேர்ந்ததா, காவல்துறையிடம் சொன்னீர்களா என்று கேட்பதே அது. அமெரிக்காவில் 1970களிலும் பிரிட்டனில் 1982லும் தொடங்கிய இத்தகைய ஆய்வுகள் இன்றும் தொடர்கின்றன. இந்தியாவில் நாடு தழுவிய ஆய்வு எதுவும் தொடர்ந்து நடத்தப்படுவதில்லை. தனியார் ஆய்வு நிறுவனம் ஒன்று 2017இல் தில்லி, மும்பை, பெங்களூர், சென்னை ஆகிய நகரங்களில் சுமார் 20,000 குடும்பங்களிடம் விசாரித்தது. திருட்டுக்கு ஆளானவர்களில் முதல் தகவல் அறிக்கை வரை சென்றவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்று தெரியவந்தது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில் நிலைமை இன்னும் மோசம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. 77 விழுக்காட்டினர் அதை யாரிடமும் சொல்லவே இல்லை.

ஆகவே, ஒரு வட்டாரத்தில் பெண்களுக்கு எதிரான வன்முறை வழக்குகள் திடீரென உயர்ந்தால், ஆய்வு செய்யும் அதிகாரி கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஏன் உயர்ந்தது?" என்பதன்று, "யார் துணிந்து வந்தார்கள், எதனால் வந்தார்கள்?" என்பதே. எண்ணைக் குறைத்துக் காட்டும்படி மேலிடம் நெருக்கினால், குற்றத்தைக் குறைப்பதைவிடப் புகாரைக் குறைப்பது நிலைய அதிகாரிக்கு எளிது. 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று தீர்ப்பளித்ததன் பின்னணி இதுவே.

வீட்டுப்படி ஏறும் காவலர்

பதிவு செய்வது காவலின் ஒரு பாதி. மக்கள் நிலையத்தை நாடி வரும்படி செய்வது மறு பாதி. நீதிபதி கே. டி. தாமஸ் ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2008 மார்ச்சில் கேரளத்தின் 20 காவல் நிலையங்களில் 'ஜனமைத்ரி சுரக்ஷா' என்னும் மக்கள் நட்புக் காவல் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் படிப்படியாக மாநிலம் முழுவதும் விரிவுபெற்றது. 2011ஆம் ஆண்டு கேரளக் காவல் சட்டத்தின் 64ஆம் பிரிவு இதற்குச் சட்ட அடிப்படை அளித்தது.

திட்டத்தின் உயிர்நாடி 'பீட்' என்று வழங்கும் ரோந்து வட்டமே. சுமார் 500 வீடுகள், மூன்று சதுர கிலோமீட்டருக்கு மிகாத பரப்பு: இதற்கு ஒரு காவலர் பொறுப்பு. மூன்று மாதங்களுக்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரையேனும் அவர் பெயரறிந்து பழகியிருக்க வேண்டும். தனியாக வாழும் முதியோர் யார், பூட்டிக் கிடக்கும் வீடு எது, எந்தச் சந்தில் விளக்கு எரிவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிலையந்தோறும் 10 முதல் 25 பேர் கொண்ட சமிதி ஒன்று மாதம் ஒருமுறை கூடும். குற்றத் தொடர்புடையவர்களைச் சமிதியில் சேர்க்கக் கூடாது என்பது விதி.

ஜப்பானில் 'கோபான்' எனப்படும் சிறு காவல் சாவடிகளிலிருந்து காவலர்கள் வீடு வீடாகச் சென்று பழகும் முறை நெடுங்காலமாக உள்ளது. அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1970களின் இறுதியில் ஒரு சோதனை நடைபெற்றது. வண்டியில் சுற்றும் காவலுக்கு மாறாகக் கால்நடை ரோந்து ஏற்படுத்தப்பட்ட தெருக்களில் பதிவான குற்றங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் மக்களின் அச்சம் குறைந்தது. தெருவில் நடமாடும் துணிவு கூடியது. இதை ஒரு தோல்வியாகக் கருதியவர்களும் உண்டு. மேலாமுறியின் ஏப்ரல் மாதத்தை நினைவுகூர்வோர் அவ்வாறு கருத மாட்டார்கள். 1997இல் வெளியான சிகாகோ ஆய்வு ஒன்று 343 குடியிருப்புப் பகுதிகளை ஒப்பிட்டது. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நம்பி, தெருப் பிள்ளைகள் தவறு செய்தால் தலையிட முன்வரும் பகுதிகளில், வறுமையை ஒதுக்கிக் கணக்கிட்ட பின்னும், வன்முறை குறைவாக இருந்தது என்று அது கண்டது.

கேரளத்தில் அத்தகைய அண்டைத் தொடர்புக்கு ஆயத்தமான வடிவம் ஏற்கெனவே உள்ளது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் அயல்கூட்டங்களில் 10 முதல் 20 பெண்கள் வாரந்தோறும் சேமிப்புக்காகக் கூடுகிறார்கள். தேர்ந்தெடுத்த சில உள்ளாட்சிகளில் இப்பெண்களைக் கொண்டே குற்ற வரைபடம் தயாரிக்கப்பட்டது. வார்டின் வரைபடத்தை விரித்து, பேருந்து நிறுத்தம், ஆற்றங்கரை, மதுக்கடையை அடுத்த வழி, சிலருக்குச் சொந்த வீடே என்று பெண்கள் தாங்கள் அஞ்சும் இடங்களைக் குறித்தனர். காவல் நிலையப் பதிவேட்டில் இல்லாத ஒரு குற்றக் கணக்கு இவ்வாறு உருவாகிறது. விளக்குக் கம்பம் வைப்பதும் புதர் வெட்டுவதும் உள்ளாட்சியின் வேலை. மக்கள் திட்டத்தின் கீழ்த் திட்டநிதியில் குறைந்தது 10 விழுக்காட்டைப் பெண்களுக்கான பணிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1990களின் இறுதியிலிருந்தே உண்டு. அந்த ஒதுக்கீட்டை இத்தகைய வரைபடத்தின் அருகில் வைத்துச் செலவிட்டால் பயன் கூடும். குழந்தைகளையும் பெண்களையும் காக்க உள்ளாட்சிகளில் அமைக்கப்பட்ட ஜாக்ரதா சமிதிகளும் இருக்கின்றன. அட்டப்பள்ளத்து வீட்டின் நிலை இவற்றுள் எதன் காதிலாவது விழுந்திருக்க வேண்டும் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு.

மக்களின் விழிப்பு சட்டத்தைத் தன் கையில் எடுக்கும் ஆபத்தையும் பாலக்காடு மாவட்டம் கண்டிருக்கிறது. 2018 பிப்ரவரி 22 அன்று அட்டப்பாடியில், உணவுப் பொருள் திருடினார் என்று குற்றம் சாட்டி, மது என்ற பழங்குடி இளைஞரை ஒரு கும்பல் பிடித்துக் கட்டி அடித்தது, அவர் உயிரிழந்தார். 2023 ஏப்ரலில் மன்னார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து, அவர்களுள் 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. தமிழ்நாட்டில் 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் நன்னோக்குடன் தொடங்கிய 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பும் வேறொரு வகையில் இடறியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் வணிகர்களான தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது அவ்வமைப்பினர்மீதும் புகார் எழ, அடுத்த மாதமே மாநில அரசு அதற்குத் தடை விதித்தது. காவல்துறைக்குத் தகவல் தருபவர் வேறு. காவல்துறையின் அதிகாரத்தைக் கையாள்பவர் வேறு. இக்கோடு எழுத்தில் மட்டும் இருந்தால் போதாது.

எல்லையும் மொழியும்

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று கூறுகிறது. 'பூஜ்ய எண் அறிக்கை' என்று வழங்கும் இம்முறை, தில்லிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழுவின் 2013ஆம் ஆண்டுப் பரிந்துரைகளிலிருந்து வலுப்பெற்றது. கோபாலபுரத்திலோ வேலந்தாவளத்திலோ பணம் பறிகொடுத்தவரை "இது பொள்ளாச்சிப் பக்கம், அங்கே போங்கள்" என்று திருப்பி அனுப்ப இனி இடமில்லை. மின்னணு வழியில் தகவல் அனுப்புவோர் மூன்று நாள்களுக்குள் கையொப்பமிட்டால் அது பதிவாகும். வாய்மொழியாகச் சொல்லப்பட்டதை எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டி, அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது பழைய சட்டத்திலிருந்தே தொடரும் கடமை. இச்சட்டத்திலும் கவனிக்க வேண்டிய விலக்கு ஒன்று உண்டு. மூன்று முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் பதினான்கு நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த இடமளிக்கப்பட்டுள்ளது. அப்பதினான்கு நாள்கள் புகாரைத் தள்ளிப்போடும் வாயிலாக மாறுகின்றனவா என்பதை மேலதிகாரிகள் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

படித்துக் காட்டுவது என்றால் எந்த மொழியில்? 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் வாழும் தமிழரும் கன்னடரும் அரசு அலுவலகங்களோடு தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தவும், தம் மொழியிலேயே விடை பெறவும் உரிமை அளிக்கிறது. காவல் நிலையத்தின் மேசையில் இவ்வுரிமை பெரும்பாலும் எழுதுபவரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தே நிற்கிறது. தென்னந்தோப்பில் கூலி வேலை செய்யும் தமிழ்ப் பெண் ஒருத்தி சொன்னதை மலையாளத்தில் எழுதி, மலையாளத்திலேயே படித்துக் காட்டிக் கையொப்பம் பெற்றால், சட்டத்தின் எழுத்து நிறைவேறியிருக்கலாம். அவள் சொன்ன சொல்லே அறிக்கையில் இருக்கிறதா என்பது நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை நடக்கும் நாளில்தான் தெரியவரும். கஞ்சிக்கோட்டில் இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர்க்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல்.

சித்தூர் வட்டம் போன்ற பகுதிகளில் ரோந்து வட்டத்திற்குக் காவலரைத் தேர்ந்தெடுக்கையில் தமிழ் பேசவும் எழுதவும் தெரிந்தவரை அமர்த்துவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. அவரை அந்த வட்டத்திலேயே நிலைத்திருக்கச் செய்வதுதான் கடினம். திருவிழா, தேர்தல், சபரிமலைக் காலம், அரசியல் ஊர்வலம் என்று எங்கே பந்தோபஸ்துக்கு ஆள் குறைந்தாலும் முதலில் எடுக்கப்படுபவர் ரோந்துக் காவலரே. அவர் நடக்காமற்போன தெருவின் பெயர் எந்த அறிக்கையிலும் வருவதில்லை. மாதாந்தர சமிதிக் கூட்டத்தில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கையைப் படிப்பதோடு, அம்மாதம் எத்தனை வீடுகளுக்குச் செல்லப்பட்டது, வந்த எச்சரிக்கைகள் எத்தனை, அவற்றுள் நீதிமன்றத்திற்கோ குழந்தைகள் நலக் குழுவிற்கோ அனுப்பப்பட்டவை எத்தனை, திருப்பி அனுப்பப்பட்ட புகார்தாரர் யாரேனும் உண்டா என்ற விவரங்களையும் படிக்கச் செய்யலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் இவற்றுக்கான குறிப்புகள் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைத் தொகுத்து எழுத ஒரு எழுத்தரும், கேட்டுக் குறித்துக்கொள்ளச் சமிதியில் இரண்டு மூன்று பெண்களும் போதும்.